வாடகை வீட்டில் யூனிட்டுக்கு 9 ரூபாய்: சோலார், இண்டக்‌ஷன், இ-ஸ்கூட்டர் எல்லாம் யாருக்கு?

மாடிப்போர்ஷன்:

வணக்கம். பல்லாவரம் பக்கம் ஒரு வீட்டில் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். நான், மனைவி, இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள். போன வாரம் வீட்டுக்காரர் இரண்டு மாதக் கரண்ட் கணக்கைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனார். 220 யூனிட், யூனிட்டுக்கு 9 ரூபாய், மொத்தம் 1,980. எங்கள் வீட்டில் ஏசி கிடையாது. இரண்டு ஃபேன், ஒரு பழைய ஃபிரிட்ஜ், டிவி, மிக்ஸி, அப்புறம் வாரத்துக்கு இரண்டு நாள் வாஷிங் மெஷின், அவ்வளவுதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் குடி வந்தபோது யூனிட் 7 ரூபாய் என்று பேசினார். 2024 ஜூலையில் கட்டணம் ஏறியதும் 8 ஆனது. 2025 ஜூலையில் மறுபடி ஏற்றினார்கள், ஆனால் அந்தத் தடவை வீடுகளுக்கு ஏற்றம் இல்லை என்று அரசே அறிவித்தது. அதைச் சொன்னேன். "எனக்கு பில் ஏறத்தானே செய்கிறது தம்பி" என்றார். பில்லை நான் கண்ணால் பார்த்ததே இல்லை.

இதை மட்டும் சொல்லிப் புலம்ப இங்கே வரவில்லை. நிலக்கரி, பெட்ரோல், கேஸ் எல்லாவற்றையும் விட்டு மாற வேண்டும் என்பதில் எனக்கு மனப்பூர்வமான சம்மதம். மகளுக்கு வீசிங் இருக்கிறது, ரேடியல் ரோடு புகையில் அவளை முன்னால் உட்கார வைத்துப் போகும்போது ஒவ்வொரு நாளும் அதை நினைக்கிறேன். ஆனால் எப்படி மாறுவது? சோலார் போட மாடி என்னுடையதல்ல. எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கலாம் என்று கீழே பார்க்கிங்கில் ஒரு பிளக் பாயிண்ட் கேட்டேன், தீப்பிடிக்கும், வேண்டவே வேண்டாம் என்று வீட்டுக்காரர் முடித்துவிட்டார். இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கி மூன்று வாரம் சமைத்தோம், யூனிட் ஏறுவதைப் பார்த்து மனைவியே அதை எடுத்துப் பரணில் போட்டுவிட்டாள். ஆக நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்துப் பெட்ரோல், ஏறக்குறைய தொள்ளாயிரம் ரூபாய்க்கு சிலிண்டர், 9 ரூபாய்க்குக் கரண்ட். மாறக்கூடியவர்களுக்கு மானியம் கிடைக்கிறது, மாற முடியாதவன் எல்லாவற்றுக்கும் முழு விலை கொடுக்கிறான். வாடகை வீட்டில் இருக்கும் மற்றவர்கள் என்ன செய்கிறீர்கள்? உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

---

ஓய்வு_ஆசிரியர்:

தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது. நான் திருச்சியில் சொந்த வீட்டில் இருப்பவன், அதனால் என் அனுபவம் உங்களுக்கு நேராகப் பொருந்தாது. இருந்தாலும் இழையைப் படிக்கும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

2024 பிப்ரவரியில் பிரதமரின் சூரிய வீடு திட்டம் வந்ததும் அந்த வருடமே 3 கிலோவாட் போட்டேன். 540 வாட் பேனல் ஆறு. சுமார் 1 லட்சத்து 90 ஆயிரம் ஆனது, அதில் 78,000 மானியமாக வங்கிக் கணக்குக்குத் திரும்பி வந்தது. மூன்று கிலோவாட்டுக்கு மேல் எவ்வளவு போட்டாலும் மானியம் அதே 78,000தான், அதனால் வீட்டுத் தேவைக்கு அளந்து போடுங்கள். முன்னால் எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் ஓடும். மகனும் மருமகளும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள், இரண்டு ஏசி. பில் 5,800 ரூபாயைத் தொடும். இப்போது சில நூறு ரூபாய்தான்.

இரண்டு விஷயம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒன்று, தெருவில் கரண்ட் போனால் உங்கள் மாடியில் வெயில் கொளுத்தினாலும் சோலாரும் நின்றுவிடும். லைனில் வேலை செய்கிறவருக்கு நம் வீட்டிலிருந்து ஷாக் அடித்துவிடக் கூடாது என்பதற்காக அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். நான் இது தெரியாமல் பழைய இன்வெர்ட்டரைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன், அப்புறம் புதிதாக வாங்கினேன். இரண்டு, கழுவ வேண்டும். எங்கள் தெருவில் வேலை நடந்த இரண்டு மாதம் பேனல் மேல் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு புழுதி. காலை ஆறரைக்கு மேலே போய், பேனல் சூடாவதற்கு முன், வெறும் தண்ணீரும் மெல்லிய துணியும் வைத்துத் துடைக்கிறேன். காக்கை எச்சம் ஒரு ஓரத்தில் காய்ந்து கிடந்தாலே அந்தப் பேனலின் உற்பத்தி இறங்குவது செல்போன் ஆப்பில் தெரிகிறது.

---

மாடிப்போர்ஷன்:

நன்றி ஐயா. ஆனால் 900 யூனிட் ஓடும் வீட்டுக்கு 78,000 மானியம், 220 யூனிட் ஓடும் வீட்டுக்கு 9 ரூபாய் கட்டணம். உங்களைக் குறை சொல்லவில்லை, இந்த ஏற்பாட்டைத்தான் சொல்கிறேன்.

---

வயரிங்_வேலை:

அண்ணா, நான் தாம்பரம் பக்கம் எலக்ட்ரீசியன். உங்கள் கதை மாதிரி வாரத்துக்கு நான்கு வீடு பார்க்கிறேன். முதலில் 2025 கட்டணத்தில் கணக்கைப் போட்டுவிடுவோம், அப்புறம் பேசலாம்.

உங்கள் பேரில் தனி மீட்டர் இருந்தால் 220 யூனிட்டுக்கு என்ன வரும்? முதல் 100 இலவசம். அடுத்த 100 யூனிட்டுக்கு 2.35 வீதம் 235 ரூபாய். மீதி 20-க்கு 4.70 வீதம் 94. மொத்தம் 329 ரூபாய். நீங்கள் கொடுப்பது 1,980.

இப்போது வீட்டுக்காரர் பக்கம். கீழே அவர், மேலே நீங்கள், பின்னால் இன்னொரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு 220, இன்னொருவருக்கு 250, அவருக்கு 330. மூன்றும் ஒரே மீட்டரில் ஓடினால் 800 யூனிட். 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகை போய்விடும், 101-லிருந்தே 4.70. 400 முதல் 500 வரை 6.30, அடுத்த நூறு 8.40, 600 முதல் 800 வரை 9.45. கூட்டினால் 4,770 ரூபாய். யூனிட்டுக்குச் சராசரி ஆறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஆக "எனக்கு பில் ஏறத்தானே செய்கிறது" என்று அவர் சொன்னது பொய் இல்லை, ஆனால் 9 என்பது அவருக்கு ஆகும் செலவும் இல்லை.

அதே மூன்று குடும்பத்துக்கும் தனித்தனி மீட்டர் இருந்தால் 329, 470, 846. மொத்தம் 1,645. திரும்பப் படியுங்கள். அதே 800 யூனிட், அதே வீடு, அதே ஒயர். ஒரு மீட்டர் என்றால் 4,770, மூன்று மீட்டர் என்றால் 1,645. இடையில் இருக்கும் மூவாயிரத்துச் சொச்சம் அரசு வீட்டுக்கு வீடு கொடுக்க நினைத்த சலுகை. ஒரே மீட்டர் என்பதால் அது உங்கள் மூன்று பேர் கைக்கும் வராமல் போகிறது.

தனி வாசல், தனிச் சமையலறை இருந்தால் தனி இணைப்புக் கேட்கலாம். விண்ணப்பத்துக்கு வீட்டுக்காரரின் சம்மதம் கேட்பார்கள், அவருக்கு ஆர்வம் வராது, ஏனென்றால் செலவு அவருக்கு, லாபம் உங்களுக்கு என்று நினைக்கிறார். இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். அவர் பேரில் வரும் பில்லே குறைகிறது பாருங்கள், 4,770 போய் அவருடைய 330 யூனிட்டுக்கு 846 ரூபாய்தான். அதோடு, உரிமம் இல்லாமல் மின்சாரத்தை விலை வைத்து விற்க 2003 மின்சாரச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் இதை எடுத்த எடுப்பில் சொல்லாதீர்கள், வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார். நான் பார்த்திருக்கிறேன்.

---

கரிசல்_வீடு:

நான் முதுகுளத்தூர் பக்கம் ஒரு கிராமம். இங்கே பேச்சு முழுக்க மீட்டரைப் பற்றியே இருக்கிறது, எங்கள் ஊர் கதை வேறு.

எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 70 யூனிட் தாண்டாது. இரண்டு பல்பு, ஒரு ஃபேன், டிவி, ஒரு மிக்ஸி. கரண்டுக்கு நாங்கள் காசே கட்டுவதில்லை. எங்களுக்கு எரிகிற பிரச்சினை அடுப்புதான். உஜ்வலாவில் கேஸ் கிடைத்தது, 2017-இல். சிலிண்டர் எடுக்கும்போது முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டும், 300 ரூபாய் மானியம் பிறகு கணக்கில் விழும். கொண்டு வருகிறவருக்கு மேலே 50. காட்டு வேலை இல்லாத மாதத்தில் அந்தத் தொள்ளாயிரம் ரூபாயை ஒரே தடவையில் எடுத்து வைக்க முடியாது. அதனால் என்ன செய்கிறோம் என்றால், சிலிண்டர் காலை டீக்கும், விருந்தாள் வந்தால் அவசரத்துக்கும். சோறும் குழம்பும் சீமைக்கருவேல விறகில்தான். ஒரு சிலிண்டரை நான்கு மாதம் ஓட்டுகிறேன். பக்கத்து வீட்டு மதினி ஏழு மாதம் ஓட்டினார்கள்.

விறகுக்குக் காசு இல்லை என்பார்கள். வெட்டிக் கொண்டு வர அரை நாள் போகிறது, முள் குத்தினால் இரண்டு நாள் காலை ஊன்ற முடியாது. மழைக்காலத்தில் ஈர விறகு புகைந்து அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டே ஊதுவார்கள், ஊதாங்குழல் கீழே வைக்க நேரம் இருக்காது. பானை அடியில் பிடிக்கிற கரியைத் தேய்க்கவே தனியாகக் கால் மணி நேரம். அம்மாவுக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது, இரவில் இருமல் நிற்பதில்லை. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "விறகடுப்பா?" என்பதுதான்.

கமுதியில் 648 மெகாவாட் சோலார் இருக்கிறது, 2016-இல் திறந்தார்கள். பேருந்தில் போகும்போது கண்ணுக்கு எட்டின வரைக்கும் கண்ணாடி. அதைத் தாண்டி ஊருக்கு வந்து, அடுப்பைப் பற்ற வைக்கச் சுள்ளி பொறுக்குகிறேன். சோலார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கரண்ட் என் அடுப்பு வரைக்கும் வரவில்லை என்று சொல்கிறேன்.

---

வயரிங்_வேலை:

அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன், நீங்கள் நம்பமாட்டீர்கள்.

ஒரு 14.2 கிலோ சிலிண்டர் செய்யும் சமையலை இண்டக்‌ஷனில் செய்ய ஏறக்குறைய 120 யூனிட் ஆகும். கேஸ் அடுப்பில் பாதிச் சூடு பாத்திரத்துக்கு வெளியே போய்விடுகிறது, இண்டக்‌ஷனில் பெரும்பகுதி பாத்திரத்துக்குள்ளேயே போகிறது, அதனால்தான் இவ்வளவு குறைவு. உங்கள் வீட்டில் 70 யூனிட் ஓடுகிறது. இரண்டு மாதத்தில் ஒரு சிலிண்டர் அளவு சமைத்தால் மொத்தம் 190. அதில் 100 இலவசம், மீதி 90-க்கு 2.35 வீதம் 211 ரூபாய் 50 காசு. மானியம் கழித்தாலும் சிலிண்டருக்கு நீங்கள் கொடுப்பதில் பாதிக்கும் குறைவு.

மாடிப்போர்ஷன் அண்ணாவுக்கு அதே 120 யூனிட் 9 வீதம் 1,080 ரூபாய். அவர் மனைவி அடுப்பைப் பரணில் போட்டது சரிதான், அந்த விலையில் கேஸே மலிவு. தனி மீட்டர் கிடைத்தால் அதே 120 யூனிட்டுக்கு 4.70 வீதம் 564 ரூபாய், அப்போது கீழே இறக்கலாம்.

---

கரிசல்_வீடு:

தம்பி, கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்களிடம் இருப்பது எல்லாம் அலுமினியப் பாத்திரம், இண்டக்‌ஷனில் அது சுடாதாமே? அதோடு சாயங்காலம் ஆறரைக்கு எல்லா வீட்டிலும் போட்டால் பல்பு மஞ்சளாகிவிடும், ஃபேன் சுற்றுவதை எண்ணலாம். அப்போதுதானே சமைக்க வேண்டும்.

---

வயரிங்_வேலை:

ஆமாம் அக்கா, சாதா அலுமினியம் வேலை செய்யாது. பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டினால் மட்டும்தான் சுடும். ஒரு குக்கர், ஒரு கடாய், ஒரு பால் பாத்திரம் வாங்கினாலே அடுப்போடு சேர்த்து நாலாயிரம் நெருங்கும். வோல்டேஜ் குறைந்தால் அடுப்பு பிழை காட்டி நின்றுவிடும். அதோடு பழைய வீட்டு வயரிங்கில் 5 ஆம்பியர் பிளக்கில் இதைச் சொருகாதீர்கள், உருகிவிடும். 15 ஆம்பியர் பிளக், தடித்த ஒயர், நல்ல எர்த் வேண்டும். நான் சொன்ன 211 ரூபாய்க்கு முன்னால் இவ்வளவு செலவு இருக்கிறது, அதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

என் கருத்து இதுதான். வீட்டுக்கு 78,000 சோலாருக்குக் கொடுக்க முடிகிறபோது, கிராமத்தில் ஒரு நல்ல டிரான்ஸ்பார்மருக்கும், வீட்டுக்கு ஒரு 15 ஆம்பியர் பாயிண்டுக்கும், ஒரு அடுப்பு, மூன்று பாத்திரத்துக்கும் கொடுக்கலாம். மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுத்த மாநிலம்தானே இது. நாட்டுக்குத் தேவையான சமையல் கேஸில் ஏறக்குறைய அறுபது சதவீதம் கப்பலில் வருகிறது. விறகைக் குறைத்தால் இருமல் குறையும், கேஸைக் குறைத்தால் வெளிநாட்டுக்குப் போகும் டாலர் குறையும்.

---

யாழ்ப்பனை:

நான் யாழ்ப்பாணம், இப்ப இருபது வருடமாக ஜெர்மனியில், டோர்ட்முண்டில் வாடகை வீடு. மாடிப்போர்ஷன் கேட்ட கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது.

2022-இல் ரஷ்யா எரிவாயுவை நிறுத்தியபோது இங்கே சனம் பயந்துபோனது. எங்கள் கட்டிடத்துக்கு ஹீட்டர் கேஸில்தான். அந்தக் குளிர்காலம் ஒரு அறையை மட்டும் சூடாக்கிப் பிள்ளைகளோடு அதற்குள்ளேயே இருந்தோம். அடுத்த வருடம் அரசாங்கம் பழைய பாவனையில் 80 வீதத்துக்கு (நூற்றுக்கு 80) ஒரு கிலோவாட் மணிக்கு 12 சென்ட் என்று விலைக்கு வரம்பு வைத்தது. மிச்சம் 20 வீதத்துக்கு ஒப்பந்த விலை முழுதும். குறைவாகப் பாவித்தால் உங்களுக்குத்தான் லாபம் என்று அர்த்தம். அது எனக்குப் பிடித்திருந்தது, உதவியும் கிடைத்தது, மிச்சம் பிடிக்கவும் மனம் வந்தது.

இப்ப பால்கனி கதைக்கு வருகிறேன். இங்கே வாடகை வீட்டுக்காரர்கள் பால்கனிக் கம்பியில் இரண்டு சோலார் பலகை கட்டி, அதை ஒரு சின்ன இன்வெர்ட்டர் வழியாகச் சாதாரணச் சுவர் பிளக்கில் சொருகுகிறார்கள். 800 வாட் வரைக்கும் சட்டம் விடுகிறது. ஒன்லைனில் பதிந்தால் போதும். 2024 ஒக்டோபர் தொடக்கம் வீட்டுச் சொந்தக்காரர் தக்க காரணம் இல்லாமல் மறுக்க ஏலாது. நான் தென்மேற்குப் பக்கம் இரண்டு பலகை கட்டினேன். பின்னேரம் மூன்று மணிக்கு என் பிரிட்ஜும் ரவுட்டரும் வாஷிங் மெஷினும் வெயிலில் ஓடுகின்றன. வருடத்துக்கு ஏறக்குறைய 600 அலகு கிடைக்கிறது. வீடு மாறினால் கழற்றிக்கொண்டு போகலாம். இப்படிப் பதிந்தவை நாட்டில் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன.

யாழ்ப்பாணத்தில் என் அக்காவின் நிலைமை வேறு. 2022 மார்ச்சில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. சமையல் கேஸுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. கரண்ட் திரும்பி வந்தபோது விலை எகிறிவிட்டது, 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதம், 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதம். அக்கா ஐஸ்பெட்டியை நிறுத்திவிட்டு மீன் வாங்குகிற அன்றைக்கே சமைத்து முடித்தார். அந்த வருடம் கதைத்தபோதெல்லாம் அவர் விலையைப் பற்றிப் பேசவில்லை, "எப்ப வரும் எண்டு தெரிஞ்சா போதும்" எண்டுதான் சொன்னார்.

---

மாடிப்போர்ஷன்:

யாழ்ப்பனை அண்ணா, சுவர் பிளக்கில் சொருகலாம் என்பதே எனக்குப் புதிது. இங்கே அப்படிச் செய்யலாமா? என் பால்கனி மேற்குப் பார்த்தது, மதியம் ஒரு மணியிலிருந்து ஆறு மணி வரை நிற்க முடியாத வெயில்.

---

வயரிங்_வேலை:

இங்கே செய்யாதீர்கள் அண்ணா. நம் ஊரில் சாதா மீட்டர் பலவற்றில், வெளியே போகும் கரண்டையும் நீங்கள் பயன்படுத்தியதாகவே சேர்த்துக்கொள்ளும். எர்த் சரியில்லாத வீடு பாதி. இதற்கென்று விதி வந்து, அதற்கேற்ற மீட்டர் வந்தால் நான்தான் முதலில் உங்கள் பால்கனிக்கு வருவேன். டெல்லியில் வேறு ஒரு வழி வைத்திருக்கிறார்கள், எங்கேயோ ஒரு கூரையில் பலர் சேர்ந்து சோலார் போட்டு, உற்பத்தியை அவரவர் பில்லில் கழித்துக்கொள்ளலாம். வாடகைக்கு இருப்பவருக்கு அதுதான் பொருந்தும்.

---

கணக்குப்பிள்ளை_கோவை:

ஓய்வு_ஆசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும், ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். 900 யூனிட் ஓட்டியவர்கள் கொடுத்த 9, 10 ரூபாயில்தான் கரிசல்_வீடு அக்காவின் 100 இலவச யூனிட் கொஞ்சமாவது ஈடு கட்டப்படுகிறது, மீதியை அரசு கொடுக்கிறது. அந்த அதிகப் பில் கட்டுகிறவர்கள் ஒவ்வொருவராகச் சோலாருக்குப் போனால் மின்வாரியத்துக்கு நல்ல வாடிக்கையாளர் குறைகிறார். கடன் ஏற்கனவே ஒன்றரை லட்சம் கோடியைத் தாண்டியது. 2022-இல் இறக்குமதி நிலக்கரி விலை ஏறியபோது, பத்து சதவீதம் வெளிநாட்டு நிலக்கரி கலக்க வேண்டும் என்று மத்திய அரசு சொன்னது. அந்த வருடம் செப்டம்பரில் 500 யூனிட் பில் 1,130-லிருந்து 1,725 ஆனது நினைவிருக்கும். ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோ அளவு நிலக்கரி எரிகிறது, அது எந்த நாட்டிலிருந்து என்ன விலைக்கு வருகிறது என்பதைத்தான் நம் பில் பேசுகிறது.

இன்னொன்று. மதியம் 12 மணிக்கு நீங்கள் கொடுக்கும் கரண்ட், எல்லாச் சோலாரும் உச்சத்தில் இருக்கும்போது வருகிறது. இரவு 8 மணிக்கு நீங்கள் திரும்ப எடுக்கும் கரண்டை வாரியம் சந்தையில் உச்சவரம்பான 10 ரூபாய் வரை கொடுத்து வாங்குகிற நாட்கள் உண்டு. கொடுத்ததை எடுத்ததில் கழித்துக் கணக்கிடும் நெட் மீட்டரில் இரண்டும் ஒரே யூனிட்.

---

ஓய்வு_ஆசிரியர்:

நீங்கள் சொல்வது நியாயம், ஆனால் முழு நியாயம் அல்ல. நான் பள்ளியில் 34 வருடம் வேலை பார்த்து, ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியை இதில் போட்டேன். அரசு கூப்பிட்டது, செய்தேன். மே மாதம் மதியம் தெரு முழுக்க ஏசி ஓடுகிறபோது என் வீட்டுக் கரண்ட் எங்கே போகிறது? பக்கத்து வீட்டுக்குத்தான் போகிறது. 2024 மே 2-ஆம் தேதி மாநிலத்தின் தேவை 20,830 மெகாவாட் தொட்டது, அன்று கூரைகளில் சோலார் இல்லாதிருந்தால் நிலைமை இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

ராத்திரிக்குச் சேமிப்பு வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதைச் செய்ய வேண்டியது நானா? ஆனைமலையில் கடம்பாறை இருக்கிறது, 400 மெகாவாட், 1987-இலிருந்து ஓடுகிறது. மிச்சக் கரண்டில் தண்ணீரைக் கீழிருந்து மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு அதே மாதிரி கட்டும் வேலை வருடக்கணக்காக இழுக்கிறது. ஆடிக் காற்றில் முப்பந்தலில் சுற்றுகிற காற்றாலைக் கரண்டையும் அப்படித்தான் பிடித்து வைக்க முடியும். கோபத்தை அந்தப் பக்கம் திருப்புங்கள், என் மாடிப் பக்கம் வேண்டாம்.

---

கணக்குப்பிள்ளை_கோவை:

ஐயா, உங்கள் மேல் கோபம் துளியும் இல்லை. எழுத்து அப்படி வந்திருந்தால் வருந்துகிறேன்.

---

சுரங்கத்து_ஊர்:

நெய்வேலிக்குப் பக்கத்து ஊர் நான். நிலக்கரி போக வேண்டும் என்று எல்லோரும் எளிதாக எழுதுகிறீர்கள். போகட்டும், எனக்கும் சம்மதம்தான். ஆனால் எங்கள் ஊர்ப் பெயரை ஒரு தடவையாவது சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

சோவியத் நாட்டு உதவியோடு 1962-இல் நெய்வேலி அனல் மின் நிலையத்தின் முதல் யூனிட் ஓடியது. தமிழ்நாட்டுக்கு வெளிச்சம் கொடுத்த ஊர் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அவர் ஒப்பந்தத் தொழிலாளி, சாம்பல் ஏற்றும் பக்கம். 600 மெகாவாட் முதல் அனல் நிலையத்தை 2020-இல் மூடிவிட்டார்கள். பழசு, மூட வேண்டியதுதான். நிரந்தர ஊழியருக்கு வேறு இடம் உண்டு. ஒப்பந்தக்காரருக்கு அடுத்த வேலை எங்கே என்பதைச் சொல்ல ஆள் கிடையாது. இன்னொரு பக்கம் சுரங்கம் அகலமாகிக்கொண்டே போகிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் விட்டு நின்ற நெல்லுக்குள் இயந்திரம் இறங்கியதை நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். நிலக்கரிக்காக நிலத்தைக் கொடுத்ததும் நாங்கள்தான், நிலக்கரி போகும்போது வேலையைக் கொடுக்கப்போவதும் நாங்கள்தான். சோலார் பேனல் மாட்டும் பயிற்சியை முதலில் எங்கள் பையன்களுக்குக் கொடுங்கள். கம்பியும் போல்ட்டும் உயரமும் அவர்களுக்குப் பழக்கம்.

---

வயரிங்_வேலை:

சகோதரா, என்னிடம் இரண்டு பையன்கள் வேலை பார்க்கிறார்கள், இருவரும் விருத்தாசலம் பக்கம். நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு. யாராவது உண்மையில் கற்றுக்கொள்ள வருவதாக இருந்தால் இங்கேயே தனிச் செய்தி அனுப்பச் சொல்லுங்கள், தங்க இடம் பார்த்துத் தருகிறேன்.

மாடிப்போர்ஷன் அண்ணாவுக்கு ஒன்று விட்டுப்போனது. தனி மீட்டர் வரும் வரைக்கும் செய்யக்கூடிய ஒரே வேலை ஃபேன். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி என்கிற, கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை ஃபேன் 28 முதல் 35 வாட். ஒரு ஃபேன் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய முப்பது யூனிட் மிச்சம். நீங்கள் கொடுக்கும் 9 ரூபாயில் அது முந்நூறு நெருங்குகிறது, மூவாயிரம் ரூபாய் ஃபேன் இரண்டு வருடத்துக்குள் காசை எடுத்துவிடும். வீடு மாறும்போது பழைய ஃபேனை மாட்டிவிட்டு உங்களுடையதைக் கழற்றிக்கொண்டு போகலாம், வீட்டுக்காரரிடம் கேட்கவே வேண்டியதில்லை.

---

மாடிப்போர்ஷன்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி, கரிசல்_வீடு அக்காவுக்கு முதலில். அம்மாவின் இருமலைப் படித்த அன்று இரவு என் மகளுக்கும் வீசிங் வந்தது, தூக்கமே வரவில்லை.

ஹாலில் ஒரு ஃபேன் மாற்றிவிட்டோம். பழையது பரணில், இண்டக்‌ஷன் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. பின் போர்ஷனில் இருப்பவரிடம் பேசினேன், அவரும் அதே 9 ரூபாய்தான் கொடுக்கிறார், அவருக்கும் பில் காட்டியதில்லை. இரண்டு பேரும் சேர்ந்து போவதாக முடிவு. தனி மீட்டருக்கு ஆகும் செலவில் பாதியை நாங்கள் இருவரும் போடத் தயார் என்று சொல்லப்போகிறோம், வாடகை முன்பணத்தில் கழித்துக்கொள்ளட்டும். சட்டத்தைப் பற்றி வாய் திறக்கப்போவதில்லை.

நேற்று கீழே இறங்கும்போது வீட்டுக்காரர் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன், அவர்கள் வீட்டிலும் பில் பெரிய பேச்சாகத்தான் இருக்கிறது. "மூணு வீட்டுக்கும் சேர்த்து வருது, எங்களுக்கு எவ்வளவுன்னே தெரியல தம்பி" என்றார்கள். வயரிங்_வேலை தம்பி போட்ட கணக்கை மகளின் ரூல் போட்ட நோட்டில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன், 4,770-க்குக் கீழே 1,645, சிவப்புப் பேனாவில். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.